இழுத்தால் நீளும் கம்பு

படகைக் கரையில் அணைத்துக் கட்டுவதற்கு ஒரு கொக்கிக்கம்பு வேண்டும் என்று நான் சொன்னதுதான் தாமதம், என் வீட்டுக்காரர் வீரணன் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும், இதற்குக் கேட்கவா வேண்டும். தொரட்டி நுனியில் இருப்பது இரும்பு அரிவாள். அதைக் கொண்டுபோய்ப் புதுப் படகின் மேல் போட்டு இழுத்தால் நத்தர்ஷா அண்ணன் என்னைக் கண்மாய்க்கரைப் பக்கமே அண்டவிடமாட்டார். அதைச் சொன்னேன். தொரட்டி வீட்டுக்குப் பின்னால் போய்விட்டது, அவர் மட்டும் அங்கேயே நின்று, வேறு என்ன கம்பு என்று கேட்டார்.

நத்தர்ஷா அண்ணன் உத்தமபாளையத்துக்காரர். எங்கள் ஊர்க் கண்மாயில் படகு விடுகிற குத்தகை அவருடையது. சில மிதிபடகுகளும் ஒரு மோட்டார் படகும் விட்டிருக்கிறார். அந்த மோட்டார் படகு இந்த வருஷம் வந்தது. நல்ல வெள்ளை. அவர் தினமும் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். ஈ உட்கார்ந்தால்கூடத் துண்டால் விசிறுவார். அதை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் ஒவ்வொரு தடவையும் துறையில் கொண்டுவந்து மோதுவார், மோதும்போதெல்லாம் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

நான் அங்கே டிக்கெட் கிழிக்கிறவள். கிழித்துக்கொண்டு சும்மா இருப்பேனா? டிரைவர் சாப்பிடப் போகிற நேரத்தில் அவரைத் தாஜா செய்து படகை ஓட்டப் பழகினேன். அப்புறம் முறையாகப் பயிற்சிக்கும் போய்ச் சான்று வாங்கிவந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் எனக்குக் காலே தரையில் நிற்காது. தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு போகும், மேற்கே மலை ஆடிக்கொண்டே கிட்டே வரும், வாயை மூடினாலும் சிரிப்பு வெளியே வந்துவிடும். அப்படி ஒரு பைத்தியம்.

பழைய டிரைவர் எர்ணாகுளத்தில் வேலை கிடைத்துப் போனதும் அண்ணன் குமுளியிலிருந்து ஆள் கொண்டுவருவதாகப் பேச்சு வந்தது. நான் நேரே போய் அந்த வேலை எனக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அண்ணன் தாடியைத் தடவினார், படகைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம நானும் ஒங்க அக்காவும் வந்து ஒக்காருறோம் தங்கச்சி. ஒரு சுத்து சுத்தி வந்து அணைச்சுக் கட்டுங்க. கீறல் விழலைன்னா வேலை ஒங்களுக்கு. விழுந்துச்சுன்னா திங்கக்கெழம குமுளி ஆளு வந்துருவாரு. வருத்தப்படக் கூடாது."

அணைத்துக் கட்டுவதற்கு என்ன சாமான் வேண்டுமோ நீங்களே பார்த்து வாங்குங்கள், பிடிக்கப்போவது நீங்கள்தானே என்றும் சொன்னார். நியாயமான மனுஷர். ஆனால் ஆடி மாசம். எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று அடிக்கிற அடியை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். கொடியில் காயப்போட்ட சேலையைத் தேடி நான் மூன்றாவது தெருவரைக்கும் போயிருக்கிறேன். பெரியாற்றுத் தண்ணீர் வந்து கண்மாயும் நிறைந்திருந்தது. துறை மேற்குக் கரையில் இருக்கிறது. காற்று மலையிலிருந்து இறங்கி, துறையை நெருங்குகிற படகை எதிர்க்கரையைப் பார்த்துத் தள்ளும். அந்த இடத்தில் கண்மாய் குறுகல், எதிர்க்கரை முழுக்கக் கல் பாவிய கரை. அந்தக் கல்லில் உரசினால் என் கதை முடிந்தது.

அதனால்தான் நல்ல கொக்கிக்கம்பு வேண்டியிருந்தது. கம்பத்தில் அப்துல் அஜீஸ் பாய் விவசாயச் சாமான் கடை வைத்திருக்கிறார். மிளகு பறிக்கிற கம்பு, தேங்காய் பறிக்கிற கம்பு, மருந்து அடிக்கிற கம்பு என்று கடையே கம்பு மயம். படகுக்கு வேண்டும் என்று முன்னமே சொல்லி வைத்திருந்ததால் கொச்சியிலிருந்து தருவித்து வைத்திருந்தார். நானும் வீரணனும் பைக்கில் போனோம். எதிர்க்காற்றில் நான் பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை, அவர் ஆமாம் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே வந்தார்.

கடையில் வீரணன் கண் நேரே போனது இருப்பதிலேயே நீளமான கம்பின் மேல். திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறவர், காலையிலிருந்து சாயந்தரம் வரை அண்ணாந்தே பார்க்கிறவர். அவருக்குக் கம்பு என்றால் மேலே போக வேண்டும். அதை முழுசாக இழுத்துவிட்டதும் நுனி கடை வாசலைத் தாண்டி டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் தலைக்குப் பக்கத்தில் நின்றது. அந்த ஆள் டீயோடு குனிந்துகொண்டார். படகுக் கம்பைப் படுக்கைவாட்டில் அல்லவா நீட்ட வேண்டும். நான் நீட்டிப் பார்த்தேன், நுனி தொங்கித் தரையைத் தொட்டது. மாமா, தேங்காய் தண்ணியில காய்க்கிறதில்லை என்றேன். அவர் அதை மனசில்லாமல் சுருக்கி வைத்தார்.

அடுத்தது இழுக்க இழுக்கப் பொத்தான் துளையில் டக்கென்று விழுந்து நிற்கிற ரகம். பார்க்க உறுதி. ஆனால் பொத்தானும் துளையும் நேருக்கு நேர் வந்தால்தான் விழும். நான் திருப்பித் திருப்பித் துளையைத் தேடினேன். காற்றில் படகு போய்க்கொண்டிருக்கும்போது இப்படித் துளை தேடினால் நான் எதிர்க்கரையில்தான் நிற்பேன். அதையும் வைத்துவிட்டேன்.

மூன்றாவதைக் கையில் எடுத்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. அலுமினியக் குழாய்க்குள் குழாய். இழுத்து ஒரு திருகு திருகினால் இறுகிக்கொள்ளும், மறுபக்கம் திருகினால் விட்டுவிடும். நுனியில் பிளாஸ்டிக் கொக்கி, இழுக்க ஒரு வளைவு, தள்ள ஒரு மொட்டை மூக்கு. படகில் பட்டாலும் கீறாது. தண்ணீரில் விழுந்தால் மிதக்குமா என்று கேட்டேன். பாய் மருந்து கலக்குகிற தொட்டியில் போட்டுக் காட்டினார், வாத்து மாதிரி மிதந்தது.

மிதந்தால் போதுமா, பாரம் தாங்க வேண்டாமா? கடை வாசலில் மூட்டை ஏற்றுகிற நாலு சக்கரத் தள்ளுவண்டி நின்றது. ஏறி உட்காருங்கள் என்றேன் வீரணனிடம். பஜாரில், பட்டப்பகலில், வெள்ளைச் சட்டை போட்டிருந்த மனுஷர் மறுபேச்சுப் பேசாமல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் கொக்கியை வண்டிக் கைப்பிடியில் மாட்டி இழுத்தேன். வண்டி வந்தது. மொட்டை மூக்கை வைத்துத் தள்ளினேன், போனது. கொஞ்சம் நல்லாத் தள்ளு என்றார் அவர். நல்லாத் தள்ளினேன். அது சரிவான தெரு என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீரணன் பூக்கடையைக் கடந்தார், செருப்புக் கடையைக் கடந்தார், தெரிந்தவர் ஒருவர் வைத்த வணக்கத்துக்குப் பதில் வணக்கமும் வைத்தார். ஷேர் ஆட்டோ ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. கடைசியில் ஒரு வாழைத்தார்க் குவியல் அவரை நிறுத்தியது. நான் நடுத்தெருவில் கம்பை ஊன்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

அவர் வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு மேடேறி வருவதற்குள் பாய் என்னிடம் கம்பைப் பற்றி விவரமாகச் சொன்னார். உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறது, அது குழாயைக் கவ்விப் பிடிக்கிறதுதான் பூட்டு, உள்ளே காய்ந்த துணியால் துடைத்து வைத்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். நான் சிரிப்பு அடங்காமலே கேட்டுக்கொண்டேன். வீரணன் வந்து சேர்ந்தபோது பாய் பில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பைப் பார்த்தேன். சந்தனம், குங்குமம், நுனியில் ஒரு எலுமிச்சம்பழம், செவ்வந்திச் சரம். மாப்பிள்ளை மாதிரி சுவரில் சாய்ந்து நின்றது. எங்கள் வீட்டில் அது வழக்கம்தான். அரிவாள் ஆகட்டும், மண்வெட்டி ஆகட்டும், மருந்தடிக்கிற மெஷின் ஆகட்டும், புதுசாக எது வந்தாலும் வீரணன் பூஜை போடாமல் வேலைக்கு இறக்கமாட்டார். இழுத்துத் திருகிப் பார்த்தேன். கடையில் இருந்ததைவிட லேசாகத் திரும்பியது. பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், என் புத்தி அப்படி.

துறைக்கு அண்ணனும் அவர் வீட்டுக்காரம்மா அம்சத் பீவி அக்காவும் வந்துவிட்டார்கள். அக்கா ஃபிளாஸ்க்கில் டீயும் பையில் முறுக்கும் கொண்டுவந்திருந்தார். அண்ணனின் முகத்தில் பரீட்சை களை. அக்காவுக்கோ இது உல்லாசப் பயணம். வீரணன் துறையின் கடைசிப் பலகைக்கு ஒரு அடி பின்னால் நின்றுகொண்டார். அதற்கு மேல் வரமாட்டார். சின்ன வயசில் கிணற்றில் விழுந்து மீண்டவர், முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் அவருக்கு உடம்பு நடுங்கும். நான் படகு ஓட்டப் பழகிய இத்தனை நாளில் ஒரு தடவைகூட என் படகில் கால் வைத்ததில்லை.

கிளப்பினேன். சுற்றினேன். ஆகா, அந்தச் சுற்றை நான் என்னவென்று சொல்ல. காற்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறது, அலை அடியில் தட்டுகிறது, அக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டே இன்னும் வேகமாப் போத்தா என்கிறார், அண்ணன் மெதுவா மெதுவா என்கிறார். நான் இரண்டு பேர் பேச்சையும் கேட்டேன், வளைவில் மட்டும் அக்கா பேச்சைக் கேட்டேன்.

கரைக்கு வரும்போதுதான் திமிர் தலைக்கு ஏறியது. பழகிய நாளில் என் கையில் கம்பு கிடையாது. காற்றுக்கு நேர் எதிராக மூக்கைத் திருப்பி ஊர்ந்து ஊர்ந்துதான் துறைக்கு வருவேன். இன்றைக்குக் கம்பு இருக்கிறதே. குறுக்கே ஒயிலாக வந்து, எஞ்சினை ஓய்வில் போட்டு, எழுந்து நின்று, கம்பை இழுத்துத் திருகி நீட்டினேன். துறையில் கட்டியிருந்த இரும்பு வளையத்தில் கொக்கி போய் அழகாக உட்கார்ந்தது. கரையில் வீரணன் கையைத் தட்டினார்.

இழுத்தேன். படகு வரவில்லை, கம்பு வந்தது. இன்னும் இழுத்தேன், கம்பு இன்னும் வந்தது. காற்று படகைத் தள்ளத் தள்ளக் கம்பு நீண்டுகொண்டே போனது, இவ்வளவு நீளம் இதற்குள் எங்கே இருந்தது என்று நான் அசந்து நிற்கும்போதே ப்ளக் என்று ஒரு சத்தம். கொக்கிப் பாதி எலுமிச்சம்பழத்தோடு வளையத்தில் தொங்கியது, படகின் விலாவில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அங்கேயே ஆடியது. கைப்பிடிப் பாதியோடு நான் பின்னால் போய் அம்சத் பீவி அக்கா மடியில் உட்கார்ந்தேன். முறுக்குப் பை நொறுங்கியது. என் உள்ளங்கை முழுக்க விளக்கெண்ணெய் வாடை.

எனக்குப் புரிந்துவிட்டது. பூஜை போட்ட மனுஷர் குழாயைக் கழற்றி உள்ளேயும் எண்ணெய் போட்டிருக்கிறார், அப்புறம் ரப்பர் வளையம் எதைக் கவ்வும்?

அண்ணன் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கல் கரை நெருங்கிக்கொண்டிருந்தது. என் வேலை கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நாளைக்கு யாரோ ஒருவர் இந்த ஸ்டியரிங்கைப் பிடிப்பார், நான் அவருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பேன். அதற்குள் துறைப் பக்கம் தொபீர் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் வீரணன் தண்ணீருக்குள் நிற்கிறார். இடுப்பளவு. வேட்டி பலூனாக மேலே மிதக்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு என் பெயரைச் சொல்லிக்கொண்டே கையை நீட்டிக்கொண்டு நடந்து வருகிறார். கண்ணை மூடியிருந்ததால் என்னை விட்டு வேறு திசையில் வருகிறார்.

"மாமா, அங்கனயே நில்லுங்க. நான் வாரேன்."

அதைச் சொன்னதும் எனக்குத் தலை தெளிந்துவிட்டது. பாதிக் கம்பைக் காலடியில் போட்டேன். எஞ்சினை முடுக்கி, கல்லுக்கு ஒரு முழம் இருக்கும்போது படகை வெட்டித் திருப்பினேன். மூக்கு மலையைப் பார்த்தது. காற்று முகத்தில் அறைந்தது, அறையட்டும், அதுதானே எனக்கு பிரேக். கொஞ்சம் முடுக்குவேன், கொஞ்சம் விடுவேன். பழகியபோது செய்தது போலவே ஊர்ந்து வந்தேன். அண்ணன் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார், அக்கா கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார். துறைக்குப் பக்கவாட்டில் வந்து எஞ்சினை ஓய்வில் விட்டேன். காற்றும் படகும் சமமாகி, படகு அப்படியே நின்றது. குனிந்து கையை நீட்டி வளையத்தைப் பிடித்தேன். வளையத்திலிருந்த எலுமிச்சம்பழம் என் மணிக்கட்டில் வந்து முட்டியது.

கயிறு கட்டி முடிப்பதற்குள் அண்ணன் இறங்கித் துறைப் பலகையில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். படகின் விலாவைக் கையால் தடவிக்கொண்டே போனவர் நடுவில் நின்றார். அவர் முகம் செத்துப்போனது. வெள்ளை விலாவில் நீளமாக, சிவப்பாக, ஒரு கோடு. பேச்சுப் பேச்சாக இருக்க வேண்டும் அல்லவா, நான் ஒன்றும் வாதாடவில்லை.

அம்சத் பீவி அக்கா மட்டும் கிட்டே குனிந்து பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் கோட்டின் மேல் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். விரல் சிவந்தது, கோடு அந்த இடத்தில் காணாமல் போனது. முந்தானையால் மிச்சத்தையும் துடைத்தார். அடியில் படகு பால் மாதிரி இருந்தது. கம்பில் வைத்த குங்குமம் எண்ணெயில் குழைந்து இழுவியிருக்கிறது.

"இது கீறல் இல்லைங்க, குங்குமம். அந்தத் தம்பி படகுக்கும் சேத்துப் பொட்டு வச்சிருக்காக" என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், பலகையில் உட்கார்ந்து, துப்பட்டியால் வாயைப் பொத்தி, கம்பு நீண்டதைக் கையால் காட்டிக் காட்டிச் சிரித்தார். அண்ணன் முதலில் முறைத்தார். அப்புறம் தண்ணீருக்குள் கண்ணை மூடிக்கொண்டு இன்னமும் நின்றுகொண்டிருந்த வீரணனைப் பார்த்தார். அவ்வளவுதான், அவரும் உடைந்துவிட்டார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "கம்பு இல்லாமயே கட்டுறீகளே தங்கச்சி. நாளைக்குக் காலைல வந்து சாவிய வாங்கிக்கங்க. குமுளிக்கு நான் சொல்லிக்கிறேன்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. துறைப் பலகையில் குதித்தேன் என்று அக்கா பிற்பாடு சொன்னார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வீரணனைத் திட்டிக்கொண்டே போனேன். எந்த ஊரிலாவது கவ்விப் பிடிக்கிற பூட்டுக்குள் எண்ணெய் ஊற்றுவார்களா, அது என்ன கோயில் தேரா என்று கேட்டேன். ஈர வேட்டியோடு பைக் ஓட்டிக்கொண்டிருந்தவர் திரும்பாமல் ஒன்றே ஒன்று சொன்னார்.

"நீ தண்ணி மேல போறவ. ஒனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதேன்னு ஒரு இண்டு இடுக்கு விடாம போட்டேன்."

எதிர்க்காற்றிலும் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்கு மேல் எப்படித் திட்டுவது? முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ராத்திரியே கம்பைக் கழற்றிச் சாம்பலும் சோப்பும் போட்டு அலசி, காய்ந்த துணியால் துடைத்து மாட்டினேன். திங்கட்கிழமை காலை சாவி என் கைக்கு வந்தது. முதல் சவாரிக்குக் கவுண்டரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒருவர் துறைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் சந்தனக் கிண்ணமும் எண்ணெய்ப் புட்டியும். சந்தனம் வரலாம், எண்ணெய் கரையிலேயே இருக்கட்டும் என்றேன். வைத்துவிட்டு வந்து கடைசிப் பலகையில் நின்றார். படகுக்கும் பலகைக்கும் நடுவில் தெரிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கம்பை இழுத்து, நன்றாக இறுகத் திருகி, அவர் பக்கம் நீட்டினேன். அவர் கொக்கியை ஒரு கையால் பிடித்தார், அப்புறம் இரண்டு கையாலும் பிடித்தார்.

"இழுக்கவா மாமா?"

"இழு. மெதுவா."

இழுத்தேன். கம்பு நீளவில்லை. அவர்தான் வந்தார்.